மூன்றாம் சுழி

ஊபியில் நான்காம் மாடி.
லாரி ஏறும் சரிவுப்பாதைக்கு நேர் எதிரே எங்கள் அச்சகம்.
ஏசி ஆறரைக்கு நின்றுவிடும்.
என் கணினியில் நூற்று இருபது தூரிகைகள்,
ஒன்றிலும் மயிர் கிடையாது.

எந்த ஊரிலோ தூக்கம் வராத ஒருவர்
வரைந்து இலவசமாய் விட்டவை.
எண்தான் பெயர்.
பதினேழு, கழுத்தைத் திருப்பித்
தன் முதுகையே பார்க்கும்.
நாற்பத்தொன்று, கல் கட்ட மறந்த புடலம்பிஞ்சு.
அறுபத்து மூன்றை நானாகத் தொடுவதில்லை,
வருகிறவர்களே விரல் வைத்துக் கேட்பார்கள்.

ஒரு சொடுக்கு, கொடி முழுசாய் விழும்.
வேர் இல்லை, விதை இல்லை, பந்தல் கால் இல்லை.
ஒரு விசைக்குப் பெருக்கும், பக்கத்து விசைக்குச் சிறுக்கும்.
பிடிக்காவிட்டால் கன்ட்ரோல் இசட்.
நடந்ததே இல்லை.

கஸ்தூரியின் அட்டைக்கு அறுபத்து மூன்று,
நாலு மூலையிலும், தங்க இழையில்.
ராத்திரி பதினொன்றரை.
மூலையை நிரப்பக் கொடியைச் சிறுக்கிச் சிறுக்கி
எறும்பளவுக்குக் கொண்டுவந்த நேரம்
கைப்பேசி அதிர்ந்தது, விரலும்.
எங்கே விழுந்தது என்று நான் பார்க்கவில்லை.

ரஹ்மாட்டுக்குத் தமிழ் தெரியாது.
முந்நூற்றைம்பதையும் அடித்து முடித்து
ஒன்றை விளக்கில் பிடித்து, மலாயில் அழகு என்றான்.
அழகுதான்.
'இரு மனம் இணையும் திருமணம்' என்று எழுதியிருந்தேன்.
மகரத்துக்கும் னகரத்துக்கும் நடுவே
நுழைந்து உட்கார்ந்திருந்தது ஒரு சின்னச் சுருள்.
இரண்டு சுழி மூன்றாகி
இரு மணம்.

பள்ளியில் எனக்கு மதிப்பெண் போனதெல்லாம்
இதே இடத்தில்தான்.
எந்த ண, எந்த ன என்று கேட்டு
எத்தனை சிவப்பு வட்டம் வாங்கியிருக்கிறேன்.

கீழே கோப்பிக்கடையில் சந்தித்தோம்.
அவள் கோப்பி ஓ கொசொங் சொன்னாள்.
கோப்பையில் கொசொங் என்றால் சீனி இல்லை,
தொலைபேசி எண்ணில் வந்தால் சுழி.
நான் அட்டையை நீட்டி, மன்னிப்பை நீட்டி,
இலவசமாய் மறுபடி அடிக்கிறேன் என்றேன்.
அவள் கட்டைவிரலால் அந்த எழுத்தை மூடினாள், திறந்தாள்.

"ஜோதிவேல்கிட்ட எல்லாம் சொல்லியாச்சு.
இது எனக்கு ரெண்டாவது. பொய் ஒண்ணும் இல்லையே."

கைப்பேசியில் பழைய படம் ஒன்றைத் தேடி எடுத்தாள்.
ஒன்பது வருஷத்துக்கு முந்தைய அட்டை,
தேக்காவில் வேறு யாரோ அடித்தது.
மூலையில் அதே அறுபத்து மூன்று,
என்னைவிட நேர்த்தியாய் வைத்திருந்தார்கள்.
"இதுல ரெண்டு சுழிதான்," என்றாள்.
"எல்லாம் சரியாத்தான் இருந்துச்சு."

மின்விசிறிக் காற்றில் மேசைத்தாள் பறந்தது.
இருவருமே பிடிக்கவில்லை.

எழுந்தபோது திரும்பி,
"அம்மாவுக்கும் பெரியம்மாவுக்கும் காட்ட
சரியானதா ஒரு பத்து மட்டும் போட்டுத் தாங்க" என்றாள்.
போட்டேன்.
கன்ட்ரோல் இசட் எட்டாத தூரம் போய்விட்டிருந்ததால்
அழிப்பானால்தான் எடுத்தேன், அதுவும் ஒரு தூரிகைதான்,
வெள்ளையாய் வரைவது.

மறுநாள் புங்கோலில் ஒரு பாலர் பள்ளி விளையாட்டு விழா.
கொடியெல்லாம் வேண்டாம், பலூன் போதும் என்றார்கள்.
அனுப்புமுன் எண்ணூறு விழுக்காட்டுக்குப் பெரிதாக்கி
ஒவ்வொரு னகரமாய்ச் சுழி எண்ணினேன்.
அவ்வளவு கிட்டத்தில் சுழியே இல்லை.
சதுரம், அதன் மேல் சதுரம், ஓரங்களில் சாம்பல் சதுரம்.
படியேறுவதுபோல் எண்ணிக்கொண்டே போனேன்.
ரஹ்மாட் எந்திரத்தைச் சூடாக்கிவிட்டுக்
கதவோரம் நின்று கேட்டான்,
இன்னும் எவ்வளவு நேரம்?